நார்ஃபோக்கில் பறவை பார்க்க எங்கே, எப்போது போகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்ஃபோக் இங்கிலாந்தின் கிழக்கோரத்தில் வட கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் மாவட்டம். பெரிய ஊர் என்றால் நாரிச் ஒன்றுதான். மற்றபடி வயல், சதுப்பு, கூழாங்கல் கடற்கரை, சிக்கிமுக்கிக்கல் தேவாலயம் வைத்த சிறு கிராமங்கள். லண்டனிலும் லெஸ்டரிலும் இருக்கும் நம்மவர்கள் "நார்ஃபோக் வர்றோம், பறவை பார்க்க எங்க போகலாம்?" என்று கேட்கும்போது நான் திருப்பிக் கேட்பது இதுதான்: எந்த மாதம் வருகிறீர்கள், எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வீர்கள், அன்றைக்குக் கடல் எப்போது ஏறுகிறது? இந்த மூன்றும் தெரிந்தால் இடம் தானாக முடிவாகிவிடும். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் நேரத்தைப் பற்றியே இருப்பது அதனால்தான்.

இங்கிலாந்தில் எத்தனையோ மாவட்டங்கள் இருக்க, நார்ஃபோக்குக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேர்?

அமைந்திருக்கும் இடம் முதல் காரணம். ஆர்க்டிக்கிலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் தெற்கே இறங்கும் பறவைகள் வட கடலைத் தாண்டியதும் கண்ணில் படும் முதல் கரைகளில் இது ஒன்று. இரண்டாவது, ஒரே மாவட்டத்துக்குள் நிலம் அடிக்கடி முகம் மாற்றிக்கொள்ளும். மேற்கே வாஷ் என்ற பெரிய முகத்துவாரமும் அதன் சேற்றுவெளியும். வடக்கே உவர்ச் சதுப்புகளும் நாணல் காடுகளும். கிழக்கே பிராட்ஸ் எனப்படும் ஆழமில்லாத ஏரிகள். இவை நடுக்காலத்தில் கரிமண் வெட்டி எடுத்த பள்ளங்களில் நீர் நிறைந்து உருவானவை. தென்மேற்கே பிரெக்ஸ் என்ற மணற்பாங்கான வறண்ட நிலம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பறவைகள். மாவட்டத்தில் இதுவரை பதிவான இனங்கள் 400-ஐத் தாண்டும்.

மூன்றாவது காரணம் மனிதர்கள். இங்கே சதுப்பைக் காசு கொடுத்து வாங்கி, பறவைகளுக்கென்றே வைத்துக்கொள்ளும் வழக்கம் நூறாண்டுப் பழசு. அதை வடக்குக் கரையில் உள்ள கிளே என்ற சதுப்பு பற்றிய பதிலில் சொல்கிறேன்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, இதற்கு முன் பறவை பார்த்ததில்லை. எங்கே போவது?

டிட்ச்வெல் மார்ஷ். யோசிக்கவே வேண்டாம். பறவைப் பாதுகாப்புக்கான அரச சங்கம், அதாவது எல்லோரும் ஆர்.எஸ்.பி.பி. என்று சொல்லும் அமைப்பு, 1973-இல் வாங்கிய இடம். கார் நிறுத்துமிடத்திலிருந்து மரங்களுக்கிடையே நடந்து வெளியே வந்தால், ஒரு நேரான கரைப்பாதை கடல் வரைக்கும் போகும். முதலில் நாணல், அடுத்து நன்னீர்ச் சதுப்பு, அதற்கப்பால் ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், வந்து போகும் உவர்ச் சதுப்பு, கடைசியில் மணல் கடற்கரை. மெதுவாக நடந்தால்கூட ஒரு மணி நேரத்துக்குள் கடலுக்குப் போய்விடலாம். ஆனால் மூன்று நான்கு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

இந்த நிலத்தின் கதையைத் தெரிந்துகொண்டு நடப்பது நல்லது. ஒரு காலத்தில் இது கடலைத் தடுத்து மீட்ட விளைநிலம். 1953 ஜனவரி 31-ஆம் தேதி இரவு வட கடல் பொங்கிக் கிழக்குக் கரையைத் தாக்கியது. இங்கிலாந்தில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். அந்த வெள்ளத்தில் இங்கிருந்த கரையும் உடைந்தது. திரும்ப உழ யாரும் வரவில்லை, பறவைகள் வந்தன. அவோசெட் என்னும் கோணமூக்கு உள்ளான் 1984 முதல் இங்கே கூடு கட்டுகிறது. கறுப்பு வெள்ளை உடல், மேல்நோக்கி வளைந்த மெல்லிய அலகு, அதைத் தண்ணீரில் இடமும் வலமும் வீசி வீசி இரை தேடும் நடை. முதல் முறை பார்ப்பவர்கள்கூட வேறெதோடும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஆர்.எஸ்.பி.பி.யின் சின்னமே அதுதான்.

ஏப்ரல், மே மாதங்களில் நாணலுக்கு மேல் சேற்றுப் பூனைப்பருந்து வட்டமிடும். ஆகஸ்டில் ஆர்க்டிக்கிலிருந்து திரும்பும் உள்ளான்கள் சேறெங்கும் நிற்கும். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து பிரென்ட் வாத்துகள் வரும். எந்த மாதம் போனாலும் வெறுங்கையோடு திரும்பாத இடம், அதனாலேயே புதியவர்களுக்கு இதை முதலில் சொல்கிறேன்.

டிட்ச்வெல்லையும் கிளேயையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா?

முடிக்கலாம், கடலோரச் சாலையில் கார் ஓட்டிய நினைவுதான் மிஞ்சும். ஏ149 என்ற அந்தச் சாலை பல கிராமங்களில் ஒரு கார் அகலத்துக்குச் சுருங்கிவிடும். கோடை விடுமுறையில் நகரவே நகராது. ஒரே ஹைடில், அதாவது பறவைகளுக்குத் தெரியாமல் உட்கார்ந்து பார்க்கும் மரக்குடிலில், ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தவருக்குக் கிடைப்பது நான்கு இடங்களுக்கு ஓடியவருக்குக் கிடைக்காது. ஹைடுக்குள் நுழைந்த பத்தாவது நிமிடத்தில் "ஒண்ணும் இல்லையே" என்று கிளம்புபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்து உட்கார வைக்கத் தோன்றும். நாணலோரம் மறைந்து நிற்கும் பறவை வெளியே வர இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் கிளே எதற்குப் பேர் பெற்றது?

இங்கிலாந்தின் பறவைப் பாதுகாப்பு வரலாற்றில் கிளேக்குத் தனி இடம் உண்டு. 1926-இல் சிட்னி லாங் என்ற நாரிச் மருத்துவர் இந்தச் சதுப்பு ஏலத்துக்கு வந்தபோது நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வாங்கி, எக்காலத்துக்கும் பறவைகள் இனம்பெருக்கும் இடமாகவே இருக்க வேண்டும் என்று ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். பிரிட்டனின் முதல் மாவட்ட இயற்கை அறக்கட்டளை அது. இன்றைக்கு நார்ஃபோக் வைல்ட்லைஃப் ட்ரஸ்ட் என்று பெயர். இதைப் பார்த்துத்தான் பிற்காலத்தில் மற்ற மாவட்டங்களும் ஆளுக்கொரு அறக்கட்டளை அமைத்துக்கொண்டன. ஓர் ஊர் மருத்துவர் தொடங்கிவைத்த காரியம் நாடு முழுக்கப் பரவியதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் நிறைகிறது.

இப்போது சாலைக்கு மேலே மேட்டில் பார்வையாளர் மையம் இருக்கிறது. அங்கே நின்றாலே சதுப்பு முழுவதும், அதன் பின்னே கூழாங்கல் கரையும் கடலும் தெரியும். நேரம் இல்லாதவர்கள் கிழக்குக் கரைப்பாதையில் மட்டும் நடக்கலாம். அது பொதுப்பாதை, கட்டணம் கிடையாது. பியர்டட் டிட் என்ற, ஆணுக்குக் கறுப்பு மீசை வைத்தது போலிருக்கும் செம்பழுப்புக் குருவியைத் தேட அந்தப் பாதை நல்லது. காற்றில்லாத காலையில் போனால் நாணலுக்குள்ளிருந்து 'பிங், பிங்' என்று உலோகம் தட்டும் ஓசை கேட்கும். காற்றடித்தால் அவை நாணலின் அடிக்குப் போய்விடும், தேடுவது வீண்.

செல்பேசி வருவதற்கு முந்தைய காலத்தில் இந்தச் சிற்றூரில் நான்சீஸ் கஃபே என்ற தேநீர்க்கடை இருந்தது. 1988 வரைக்கும் நாடெங்கும் உள்ள பறவை ஆர்வலர்கள் "எங்கே என்ன வந்திருக்கிறது?" என்று கேட்க அந்தக் கடைத் தொலைபேசிக்குத்தான் அழைப்பார்கள். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் யாராவது எழுந்துபோய் பதில் சொல்வார்.

ஸ்னெட்டிஷமில் பறவைகள் மேகம்போல எழும்பும் என்கிறார்கள். நான் போனபோது வெறும் சேறுதான் இருந்தது. ஏன்?

ஓத அட்டவணை பார்க்காமல் போயிருப்பீர்கள். மிக அதிகம் பேர் ஏமாறும் இடம் இது, எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்னெட்டிஷம் இருப்பது வாஷ் முகத்துவாரத்தின் கரையில். அங்கே கடல் வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. கிரீன்லாந்திலிருந்தும் கனடாவின் ஆர்க்டிக் பகுதியிலிருந்தும் வரும் நாட் என்ற உள்ளான்கள், பட்டைவால் மூக்கன்கள், சிப்பிபிடிப்பான்கள், குதிரைமலைக் கோட்டான்கள் எல்லாம் அந்தப் பரப்பில் சிதறி மேயும். அப்போது போனால் தொலைவில் புள்ளிகள்தான் தெரியும். கடல் ஏற ஏற மேயும் சேறு சுருங்கும். பறவைகள் கரையை நோக்கித் தள்ளப்பட்டு ஒன்றோடொன்று நெருங்கும். சாதாரண ஓதத்தில் கரையோரம் கொஞ்சம் சேறு மிஞ்சும், அவை அங்கேயே நின்றுகொள்ளும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் வரும் பெரிய ஓதத்தில் அதுவும் மூழ்கிவிடும். அப்போதுதான் பல்லாயிரம் நாட் உள்ளான்கள் ஒரே நேரத்தில் எழும்பி, வானத்தில் திரும்பித் திரும்பி, நம் தலைக்கு மேலாகப் பறந்து பின்னால் உள்ள பழைய சரளைக்கல் குழிகளில் இறங்கும். இறக்கைகளின் இரைச்சல் உடம்பில் படும். குழிக் கரையில் இடம் போதாமல் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும் அந்தக் கூட்டத்தை ஹைடிலிருந்து பார்க்கலாம். கடல் இறங்கத் தொடங்கியதும் அணி அணியாகச் சேற்றுக்குத் திரும்பும்.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். உகந்த நாட்களையும் நேரங்களையும் ஆர்.எஸ்.பி.பி. ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும், அதைப் பாருங்கள். ஜூலைக் கடைசியிலிருந்து குளிர்காலம் முடியும் வரை பருவம். உச்ச ஓதத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கரையில் இருக்க வேண்டும். கார் நிறுத்துமிடத்திலிருந்து அந்தக் கரைக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் நடை, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வழியில் கழிப்பறையோ கடையோ கிடையாது. காற்று நேரே கடலிலிருந்து வரும், செப்டம்பரிலும் குல்லாய் வேண்டும்.

நார்ஃபோக்கில் ஒரே ஒரு காட்சியைத்தான் பார்க்கலாம் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் இதைத்தான் சொல்வேன்.

குளிர்கால வாத்துக் கூட்டத்தைப் பார்க்க எத்தனை மணிக்கு எழ வேண்டும்?

டிசம்பரில் இங்கே சூரியன் எட்டு மணியை ஒட்டித்தான் உதிக்கும் என்பதால் அவ்வளவு கஷ்டமில்லை. ஐஸ்லாந்திலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் வரும் பிங்க்ஃபுட் வாத்துகள், இளஞ்சிவப்புக் கால் கொண்டவை, இரவில் வாஷ் சேற்றிலும் ஹோல்கம் பக்கத்துச் சதுப்புகளிலும் தங்கும். விடியும்போது ஆயிரக்கணக்கில் கூவிக்கொண்டு உள்நாட்டு வயல்களுக்குப் பறக்கும். நார்ஃபோக் சர்க்கரைக் கிழங்கு விளையும் பூமி. அறுவடை முடிந்ததும் வயலில் கிடக்கும் கிழங்கின் தலைப்பகுதியும் இலையும்தான் அவற்றின் உணவு. உழவர் உடனே உழுதுவிட்டால் வாத்துகள் வேறு வயல் தேடும். அவை எங்கே மேய்கின்றன என்பதை அந்தந்த வாரத்து அறுவடையே தீர்மானிக்கிறது.

சூரிய உதயத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பு ஸ்னெட்டிஷம் கரையில் நில்லுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை சிறப்பு. பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்: நிலா வெளிச்சத்தில் இரவிலேயே மேயப் போய்விடும், விடியலில் கூட்டமாகக் கிளம்பாது. உள்ளான்களுக்குப் பெரிய ஓதம் வேண்டும், வாத்துகளுக்கு நிலவில்லாத இரவு வேண்டும். அமாவாசையை ஒட்டிய நாட்களில் இரண்டும் சேர்ந்து அமையக்கூடும்.

விடியலில் எழ முடியாதவர்கள் மாலை மூன்று மணிக்கு ஹோல்கமில் லேடி ஆன்ஸ் டிரைவ் என்ற சாலையில் நின்றாலும் வாத்துகள் திரும்புவதைப் பார்க்கலாம். நான்குக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் கூகை ஒன்று சதுப்பின் மேல் தாழப் பறந்து எலி தேடுவதைப் பார்க்கவும் வாய்ப்பு அதிகம். நார்ஃபோக்கில் கூகைகள் பகல் சாயும்போதே வெளியே வந்துவிடும்.

ஹோல்கமில் கரண்டிவாயன் இருக்கிறதாமே?

ஆமாம். 2010-இல் இங்கே கூட்டமாகக் கூடு கட்டின. பிரிட்டனில் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கரண்டிவாயன் குடியிருப்பு என்று ஒன்று நிலைக்கவே இல்லை. அந்த இடைவெளிக்குப் பிறகு வந்த முதல் குடியிருப்பு இது. ஏப்ரலிலிருந்து ஜூலை வரை பைன் காட்டோரப் பாதையில் நடந்து தெற்கே சதுப்பைப் பார்த்தால், கழுத்தை நீட்டிப் பறக்கும் வெள்ளைப் பறவைகள் தெரியும். கழுத்தை மடக்கிப் பறந்தால் கொக்கு. பெரிய கொக்கும் உண்ணிக்கொக்கும்கூட இப்போது அங்கே இருப்பதால் இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது உதவும். கூட்டு மரங்களுக்கு அருகே போக அனுமதி இல்லை, போகவும் வேண்டாம்.

பிராட்ஸ் பகுதியில் எதைப் பார்ப்பது? கிரேன் பறவைகள் அங்கேதானே?

அங்கேதான். கிரேன்கள் இங்கிலாந்தில் அழிந்து ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1979 இலையுதிர் காலத்தில் ஹிக்லிங், ஹார்ஸி பக்கம் தாமாகவே சில வந்து இறங்கின. யாரும் கொண்டுவந்து விட்டவை அல்ல. 1982-இல் முதல் குஞ்சு வளர்ந்து பறந்தது. எங்கே கூடு கட்டுகின்றன என்பதைப் பல ஆண்டுகள் உள்ளூர்க்காரர்கள் வெளியே சொல்லாமல் காத்தார்கள். இன்று நாட்டின் மற்றப் பகுதிகளிலும் கிரேன்கள் இருக்கின்றன என்றால் இந்தக் காவலுக்கும் அதில் பங்குண்டு.

பார்க்கச் சிறந்த நேரம் குளிர்கால மாலை. இடம் ஹிக்லிங்கில் ஸ்டப் மில் பக்கத்துக் கரை. காரை இயற்கைக் காப்பக வாசலில் விட்டுவிட்டு நடந்து போக வேண்டும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போய் நின்றால், சேற்றுப் பூனைப்பருந்துகள் ஒவ்வொன்றாக நாணலில் தங்க வரும். 1971-இல் பிரிட்டன் முழுவதற்கும் இந்தப் பருந்து ஒரே ஒரு ஜோடிதான் கூடு கட்டியது; பூச்சிக்கொல்லி டி.டி.டி. செய்த வேலை. இன்று ஒரே மாலையில் பல பருந்துகள் ஒரே நாணல் காட்டில் இறங்குவதைப் பார்க்கிறோம். இருட்டும் நேரத்தில் கிரேன்களின் எக்காளக் குரல் முதலில் கேட்கும், பிறகு அவை தெரியும். சில நாள் குரல் மட்டும்தான். கைவிளக்கை மறக்காதீர்கள்.

நாரிச்சுக்குப் பக்கத்திலேயே வேண்டுமென்றால் ஸ்ட்ரம்ப்ஷா ஃபென். மீன்கொத்தி, பூனைப்பருந்து, நீர்நாய் மூன்றையும் ஒரே காலையில் பார்க்க வாய்ப்புள்ள இடம். மே கடைசியிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை சுவாலோடெய்ல் என்ற மஞ்சளும் கறுப்புமான பெரிய பட்டாம்பூச்சிக்காகவே பலர் வருவார்கள். அதன் பிரிட்டிஷ் வகை வாழ்வது இந்த நார்ஃபோக் பிராட்ஸில் மட்டுமே.

பிட்டர்ன் பறவையைப் பார்க்கவே முடியவில்லை. அது இருக்கிறதா இல்லையா?

இருக்கிறது, உங்களை அது பார்த்திருக்கும். நம்மூர்க் குருகுகளின் பெரிய உறவு இது. நாணலின் நிறம், நாணலின் கோடுகள், ஆபத்து என்றால் அலகை வானத்துக்கு உயர்த்தி நாணலோடு நாணலாக அசையும். மார்ச் முதல் ஜூன் வரை விடியற்காலையில் ஆண் பறவை முழங்கும். காலிப் பானையின் வாயில் ஊதினால் வரும் ஒலிதான், ஆனால் சில கிலோமீட்டர் தூரம் கேட்கும். கண்ணால் பார்க்க மே, ஜூன் நல்லது: குஞ்சுகளுக்கு இரை கொண்டுவரப் பெண் பறவை நாணலுக்கு மேலே அடிக்கடி பறக்கும். கடும் குளிரில் நீர் உறையும்போதும் வெளியே வரும்.

பிரிட்டனில் இது 19-ஆம் நூற்றாண்டிலேயே இனம்பெருக்குவதை நிறுத்திவிட்டது. 1911-இல் எம்மா டர்னர் என்ற ஒளிப்படக் கலைஞரும் ஜிம் வின்சென்ட் என்ற காவலரும் பிராட்ஸ் நாணலுக்குள் ஒரு பிட்டர்ன் குஞ்சைக் கண்டுபிடித்தபோதுதான் திரும்பி வந்தது உறுதியானது. அந்தக் காலத்துக் கனமான கண்ணாடித் தகட்டுக் கேமராவோடு சேற்றில் நின்று படமெடுத்தவர் டர்னர். அதன் பிறகும் இறக்கம்தான்; 1997-இல் நாடு முழுவதும் முழங்கிய ஆண் பறவைகள் 11. நாணல் காடுகளைத் திருத்தி, பழைய நாணலை வெட்டி, நீர்மட்டத்தைச் சரிசெய்து வளர்த்ததில் இன்று எண்ணிக்கை இருநூறைத் தாண்டிவிட்டது. ஆகவே அடுத்த முறையும் போங்கள்.

கண்கிலேடியை இங்கே பார்க்க முடியுமா?

முடியும். ஸ்டோன் கர்லூ எனப்படும் அதன் ஐரோப்பிய இனத்தை வீட்டிங் ஹீத் என்ற இடத்தில் பார்க்கலாம். ஏப்ரல் முதல் கோடை முடியும் வரை. முயல்கள் மேய்ந்து புல் குட்டையாகக் கிடக்கும் கல்லும் மணலுமான நிலத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். மஞ்சள் கண்ணைத் தேடுங்கள். மதியம் போனால் கானல் அலையில் எதுவும் தெளியாது. காலையிலோ மாலையிலோ போங்கள்.

அன்னங்கள்?

வெல்னி. தென்மேற்கு மூலையில், ஊஸ் வாஷஸ் வெள்ளச் சமவெளியில். அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை ஐஸ்லாந்திலிருந்து வூப்பர் அன்னங்கள் ஆயிரக்கணக்கில் வரும். ரஷ்ய ஆர்க்டிக்கிலிருந்து வரும் பெவிக் அன்னங்கள் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டன. குளிர்காலம் ஓரளவு மிதமாகிவிட்டதால் அவற்றில் பல இவ்வளவு மேற்கே வராமலே தங்கிவிடுகின்றன. பகலில் வயலில் மேய்ந்துவிட்டு அந்தியில் தண்ணீருக்குத் திரும்பும். சூடேற்றிய கண்ணாடிக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், எனவே வயதானவர்களை அழைத்துச் செல்ல இதைவிட வசதியான இடம் இல்லை. ஒரே எச்சரிக்கை: மழைக்காலத்தில் வெல்னிக்குப் போகும் ஏ1101 சாலையே வெள்ளத்தில் மூழ்கும், சுற்று வழி நீளமானது. கிளம்பும் முன் சாலை நிலவரம் பாருங்கள்.

கார் இல்லை. ரயிலிலும் பேருந்திலும் போக முடியுமா?

வடக்குக் கரைக்கு முடியும். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து கிங்ஸ் லின் வரை ரயில், அங்கிருந்து 36-ஆம் எண் பேருந்து ஹன்ஸ்டன்டன், டிட்ச்வெல் வழியாக வெல்ஸ் வரைக்கும் போகும். கிழக்கே நாரிச்சிலிருந்து ஷெரிங்ஹம் போகும் ரயில் தடத்துக்குப் பெயரே பிட்டர்ன் லைன். ஷெரிங்ஹமிலிருந்து கிளேக்குப் பேருந்து உண்டு. குளிர்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வண்டிகள் குறைவு, கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் டாக்ஸியும் எளிதில் கிடைக்காது. ஸ்ட்ரம்ப்ஷாவுக்கு பிரண்டல் ரயில் நிலையத்திலிருந்து நடக்கலாம்.

மனிதர் அதிகம் வராத இடம் வேண்டுவோருக்கு பெர்னி ஆர்ம்ஸ். சாலையே இல்லாத சதுப்பு நடுவில் ஒரு சிறு ரயில் நிலையம். கை காட்டினால்தான் வண்டி நிற்கும், அதுவும் நாளில் வெகு சிலதான். சுற்றிலும் மேய்ச்சல் சதுப்பு, குளிர்காலத்தில் ஆள்காட்டிகளும் நாமத்தலை வாத்துகளும்.

நாரிச் நகரத்தை விட்டு வெளியே போக நேரமில்லையே?

பேராலயத்துக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். 96 மீட்டர் உயரக் கோபுரத்தில் 2011-இல் ஒரு கூட்டுமேடை அமைத்தார்கள். பொரி வல்லூறுகள் அதில் கூடு கட்டிவருகின்றன. ஏப்ரல் முதல் ஜூன் வரை புறா வேட்டையைப் பார்க்க அதுவே போதும்.

குழந்தைகள், சக்கர நாற்காலியில் வருபவர்கள்?

சக்கர நாற்காலிக்கு டிட்ச்வெல்லின் முதன்மைப் பாதை, கிளேயின் பலகைப் பாதை, வெல்னி கண்ணாடிக் கூடம் மூன்றும் ஏற்றவை. ஸ்னெட்டிஷம் கஷ்டம். சிறு குழந்தைகளுக்கு ஃபேகன்ஹம் அருகே பென்ஸ்தார்ப்பைச் சொல்வேன். வளர்க்கப்படும் கிரேன்களையும் வாத்துகளையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம், விளையாட இடமும் இருக்கிறது.

கட்டணம் எவ்வளவு?

ஆண்டுக்காண்டு மாறுவதால் தொகை சொல்வதில் பயனில்லை. சில இடங்களில் நுழைவுக் கட்டணம், சில இடங்களில் கார் நிறுத்தக் கட்டணம் மட்டும். ஆர்.எஸ்.பி.பி., நார்ஃபோக் வைல்ட்லைஃப் ட்ரஸ்ட் இரண்டிலும் உறுப்பினர்களுக்கு அந்தந்த அமைப்பின் இடங்களில் சலுகை உண்டு. ஆண்டுக்குச் சில முறை வருவீர்கள் என்றால் ஏதாவது ஒன்றில் குடும்ப உறுப்பினராகிவிடுங்கள்.

என்ன பைனாகுலர் வாங்குவது?

8×42, அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது. இன்னும் பெரிதாகக் காட்டும் என்று 12, 20 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். ஸ்கோப், அதாவது முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி, இல்லையே என்று தயங்க வேண்டாம், ஹைடில் ஸ்கோப் வைத்திருப்பவரிடம் "என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்டாலே பெரும்பாலும் எழுந்து உங்களுக்கு இடம் தருவார். கேட்கக் கூச்சப்படாதீர்கள். அங்கே நம்மைப் போன்ற முகங்கள் குறைவாக இருக்கலாம், ஆனால் கேள்வி கேட்பவரை இந்த மனிதர்களுக்குப் பிடிக்கும்.

நம்மூரில் பார்த்த பறவை ஏதாவது இங்கே உண்டா?

நிறைய. கரண்டிவாயனை வேடந்தாங்கலில் பார்த்திருப்பீர்கள். சேற்றுப் பூனைப்பருந்து, கருவால் மூக்கன், ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை எல்லாம் குளிர்காலத்தில் கோடியக்கரைக்கும் கூந்தன்குளத்துக்கும் வருபவை. இனம் ஒன்று, வலசைப் பாதை வேறு. நார்ஃபோக் கருவால் மூக்கன்களில் பெரும்பாலானவை ஐஸ்லாந்துக்காரர்கள். சின்னக் கொக்கின் கதை இன்னும் சுவையானது. நம் வயல்களில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத பறவை, இங்கிலாந்தில் முதன்முதலில் கூடு கட்டியதே 1996-இல்தான். நார்ஃபோக்கில் அறுபது வயதுக்காரர் ஒருவர், தான் முதல் சின்னக் கொக்கைப் பார்த்த இடத்தையும் நாளையும் சொல்லக்கூடியவராக இருப்பார்.

அபூர்வப் பறவைகள் எப்போது வரும்?

செப்டம்பர், அக்டோபரில், கிழக்குக் காற்றும் மழையும் சேரும்போது. ஹோல்கம், வெல்ஸ் பைன் காடுகளிலும் பிளேக்னி முனையிலும் களைத்த சிறு பறவைகள் இறங்கும். சைபீரியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்குப் போக வேண்டிய மஞ்சள்புருவக் கதிர்க்குருவி அப்போது இங்கே வழக்கமாகவே தென்படும். காற்று வடக்கிலிருந்து பலமாக அடித்தால் காட்டை விட்டுவிட்டு ஷெரிங்ஹம் கரையில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள்.

எதைச் செய்யக் கூடாது?

உவர்ச் சதுப்பில் பாதையை விட்டு இறங்கக் கூடாது. உங்களுக்குப் பின்னால் உள்ள ஓடைகளில் முதலில் நீர் ஏறும், திரும்பும் வழி அடைபட்ட பிறகுதான் தெரியும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கடற்கரையில் கயிறு கட்டிய பகுதிக்குள் போகாதீர்கள். சிற்றாலாக்கள் வெறும் கூழாங்கல்லில் முட்டையிடும், மிதித்த பிறகுதான் முட்டை என்று தெரியும். பல காப்பகங்களில் நாய்க்கு அனுமதி இல்லை. பிளேக்னியிலும் ஹார்ஸியிலும் நவம்பர் முதல் ஜனவரி வரை சீல்கள் குட்டி போடும். தள்ளி நின்றே பாருங்கள், பயந்த தாய் குட்டியை விட்டுவிட்டுப் போய்விடும்.

ஒலிப்பதிவைப் போட்டுப் பறவையை வெளியே வரவழைக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். பிட்டர்ன், அவோசெட், சேற்றுப் பூனைப்பருந்து, கண்கிலேடி போன்றவற்றைக் கூட்டில் தொந்தரவு செய்வது 1981-ஆம் ஆண்டு வனவுயிர், நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம். கூட்டின் படத்தை இடப்பெயரோடு இணையத்தில் போடுவதும் வேண்டாம், முட்டை திருடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பார்த்ததை எங்கே பதிவு செய்வது?

பேர்ட்டிராக் அல்லது ஈபேர்ட் என்ற இணையத்தளத்தில். பேர்ட்டிராக்கை நடத்தும் பி.டி.ஓ. என்ற பறவையியல் அறக்கட்டளையின் தலைமையகம் இதே மாவட்டத்தில் தெட்ஃபோர்டில்தான் இருக்கிறது. நாடெங்கும் உள்ள தன்னார்வலர்களின் எண்ணிக்கைகளை வைத்துத்தான் எந்த இனம் சரிகிறது, எது தேறுகிறது என்று கணிக்கிறார்கள். அபூர்வமானதை மட்டும் எழுதாமல் கண்ட எல்லாவற்றையும், ஆள்காட்டி எத்தனை, கிளுவை எத்தனை என்று எழுதி அனுப்புங்கள். பெயர் உறுதியாகத் தெரியாததை விட்டுவிடலாம். எண்ண முடியாத கூட்டமாக இருந்தால் முதலில் பத்துப் பறவைகள் எவ்வளவு இடம் அடைக்கின்றன என்று பாருங்கள், அதைக் கொண்டு நூறு, நூறைக் கொண்டு ஆயிரம் என்று மதிப்பிடலாம். ஸ்னெட்டிஷமில் எண்ணுபவர்கள் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.